மோட்டார் தண்ணீர் எடுத்த நாள்

என் மகளுக்கு இரண்டரை வயது. செல்போன் வேண்டும் என்று அவள் அழத் தொடங்கினால், என் கணவரிடம் ஒரு நிமிஷத்தில் ஓய்ந்துவிடுவாள். என்னிடம் என்றால் எதிர்வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும்வரை அழுவாள். அவர் ஒருநாளும் கொடுத்ததில்லை. நான் சில நாள் கொடுப்பேன், சில நாள் கொடுக்கமாட்டேன்; அது அன்றைக்கு எனக்கு இருக்கும் வேலையைப் பொறுத்தது. குழந்தை டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார்.

"தினமும் குடுத்துப் பழக்கிட்டு ஒருநாள் சுத்தமா நிறுத்தினாக்கூட நாலு நாள் அழுதுட்டு மறந்துடும்மா. நீங்க நடுநடுவுல குடுக்கிறீங்க பாருங்க, அதனாலதான் விடமாட்டேங்குறா" என்றார். மருந்து எதுவும் எழுதித் தரவில்லை.

பெரிய ரகசியம் ஒன்றை அவிழ்த்துவிட்டதுபோல் அவர் முகம் இருந்தது. எனக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பத்து வயதில் என்னை அப்படிப் பழக்கிவைத்தது ஒரு மோட்டார்.

எங்கள் ஊர் மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். பாமணியாற்றிலிருந்து பிரிந்து வரும் வாய்க்கால்தான் எங்கள் வயலுக்குத் தண்ணீர். ஆற்றில் தண்ணீர் வருவது மேட்டூர் அணையைத் திறப்பதைப் பொறுத்தது. அணையைத் திறப்பது எங்கோ கண்காணாத மலையில் மழை பெய்வதைப் பொறுத்தது. மழை யாரைப் பொறுத்தது என்று கேட்டால் அப்பா மேலே கையைக் காட்டுவார். ஆனால் ஆற்றுத் தண்ணீர் வந்த பிறகு நாற்று விட்டால் குறுவை நெல்லுக்குக் காலம் தப்பிவிடும். அதற்கு முன்பே விதைத்து, நாற்றைக் காப்பாற்றி, தண்ணீர் வந்ததும் பிடுங்கி நட வேண்டும். அந்தச் சில வாரங்களுக்காக வயலின் மூலையில் அப்பா ஒரு போர்வெல் போட்டிருந்தார். ஆழமில்லாத போர். அதன் தலையில் ஒரு பழைய மோட்டார்.

அந்த மோட்டார் தானாகத் தண்ணீரை இழுக்காது. முதலில் குழாய்க்குள் நாம் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். சும்மா ஊற்றினால் அடியில் இருக்கும் வால்வின் இடுக்கு வழியே எல்லாம் இறங்கிவிடும் என்பதால், சாணியைக் கரைத்து ஊற்ற வேண்டும். சாணி போய் இடுக்கை அடைக்கும். குழாய் விளிம்புவரை நிரம்பி நின்றதும் ஓடிப்போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் ஒன்று தண்ணீர் வரும், அல்லது காற்றை உறிஞ்சும் வறட்டுச் சத்தம் வரும். வறட்டுச் சத்தம் வந்தால் உடனே சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டு, மறுபடி சாணி, மறுபடி குடம், மறுபடி பச்சை.

சில நாள் முதல் தடவையே எடுத்துவிடும். சில நாள் கை ஓயும்வரை ஊற்றிய பிறகு, சரி இனிமேல் இல்லை என்று நினைக்கும்போது எடுக்கும். சில நாள் எடுக்கவே எடுக்காது. எந்த நாள் எப்படி என்று யாராலும் சொல்ல முடியாது. மெக்கானிக் வந்து பார்க்கும்போதெல்லாம் அது ஒழுங்காக ஓடி அப்பாவைப் பொய்யராக்கியது.

அந்த மோட்டாருக்கு வீட்டில் நான்தான் பொறுப்பு. யாரும் என்னை நியமிக்கவில்லை. நானாகப் போய் ஒட்டிக்கொண்டேன். காரணம் அப்பா. அவர் அதிகம் பேசாதவர். நான் வகுப்பில் முதலாவதாக வந்தால் "ம்" என்பார், விழுந்து முட்டி பெயர்ந்தாலும் "ம்" என்பார். ஆனால் மோட்டார் தண்ணீர் எடுத்துவிட்டால் அந்த மனிதரே வேறு. "எம் பொண்ணு கை வச்சா எடுத்துடும்யா" என்று வரப்பில் போகிறவர்களைக் கூப்பிட்டுச் சொல்வார். ஈரக் கையை என் தலையில் வைப்பார். அந்தக் கைக்காக நான் எத்தனை குடம் வேண்டுமானாலும் தூக்குவேன்.

தண்ணீர் எடுக்கவைக்க எனக்கென்று சில முறைகள் இருந்தன. ஒருநாள் குழாயைச் செங்கல் துண்டால் தட்டினேன், எடுத்தது. அதிலிருந்து தட்டாமல் பொத்தானை அழுத்தியதில்லை. இன்னொரு நாள் பொத்தான்கள் இருந்த ஸ்டார்ட்டர் பெட்டிமேல் செம்பருத்திப் பூ ஒன்று விழுந்து கிடந்தபோது எடுத்தது. அதிலிருந்து தினமும் ஒரு பூ. குழாயின் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றால் வராது, வேறு பக்கம் திரும்பிக்கொண்டால் வரும் என்பது என் இன்னொரு கண்டுபிடிப்பு. முறைகள் பலிக்காத நாளில் முறை தப்பென்று எனக்குத் தோன்றியதே இல்லை. நான் செய்ததில்தான் ஏதோ குறை என்று நினைத்து, தட்டுவதைக் கொஞ்சம் பலமாக்குவேன். அப்படியே போயிருந்தால் அந்த மோட்டாருக்கு நான் கோயில் கட்டிக் கும்பாபிஷேகமும் செய்திருப்பேன்.

எனக்கு நேர்மாறு என் அண்ணன். என்னைவிட நான்கு வயது மூத்தவன். எங்கள் வயலை ஒட்டிப் பெரியப்பாவின் வயல். அவர் புதிதாக ஆழமான போர் போட்டு, தண்ணீருக்குள்ளேயே இறக்கிவைக்கும் மோட்டார் போட்டிருந்தார். அதற்குச் சாணியும் வேண்டாம், செம்பருத்தியும் வேண்டாம். பொத்தானை அழுத்தினால் வாய்க்கால் நிரம்பிவிடும். பெரியப்பாவுக்கு மூட்டுவலி. அதனால் லீவு நாட்களில் அந்தப் பொத்தானை அழுத்தும் வேலை அண்ணனுக்கு. அழுத்திவிட்டு வேப்பமரத்தடியில் படுத்துக்கொள்வான், இல்லாவிட்டால் அதை நிறுத்திவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போய்விடுவான். எப்போதாவது ஒருநாள் அந்த மோட்டார் முதல் அழுத்தில் ஓடாவிட்டால், இன்னொரு முறை அழுத்திப் பார்ப்பான். அவ்வளவுதான். "பெரியப்பா, மோட்டார் ரிப்பேரு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவான்.

எங்கள் மோட்டாரிடமும் அவன் அதே கணக்குத்தான். இரண்டு தடவை ஊற்றுவான், இரண்டு தடவை அழுத்துவான். "இது எடுக்காது" என்று குடத்தைக் கவிழ்த்துவிடுவான். அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "சின்னப் பொண்ணு நிக்கிறா, உனக்கு என்னடா கேடு?" என்பார். விடாப்பிடி என்றால் நான், சோம்பேறி என்றால் அவன் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. எனக்கு அந்தத் தீர்ப்பில் எந்த ஆட்சேபமும் இல்லை.

நான் சொல்லவந்த வருஷம், அணையில் தண்ணீர் போதவில்லை. தினமும் செய்தியில் நீர்மட்டம் சொல்லும்போது அப்பா டிவிக்குப் பக்கத்தில் போய் நிற்பார். தூரத்திலிருந்து கேட்டால் மட்டம் குறைந்துவிடுமோ என்னவோ. வெயில் கொளுத்தியது. ஊரில் பாதிப் பேர் நாற்று விடவில்லை. அப்பா விட்டுவிட்டார். முந்தின வருஷம் எல்லோரும் தயங்கியபோது துணிந்து விட்டவர் அவர். தண்ணீர் சரியாக வந்து, விளைச்சலும் நன்றாக இருந்தது. அதற்கு முந்தின வருஷம் விட்டது முழுக்கக் கருகியது என்பதை அவர் நினைவில் வைத்திருக்கவில்லை.

அதே சமயத்தில் வீட்டில் இன்னொரு விஷயம் நடந்துகொண்டிருந்தது. அம்மா கல்யாணத்துக்கு முன்பே ஆசிரியர் பயிற்சி முடித்தவள். மன்னார்குடியில் அவளுடைய அண்ணன், எங்கள் மாமா, இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சர் தேவை என்று அவர் சொல்லியனுப்ப, அம்மா ஒருநாள் போய் நேர்முகத் தேர்வில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். பள்ளி திறப்பதற்குள் வந்து சேர்ந்துவிடச் சொன்னார்கள். தினமும் ஊரிலிருந்து போய்வர முடியாதா என்று இப்போது கேட்கலாம். விடியற்காலையில் பால் கறந்து, ஆட்களுக்குச் சோறாக்கி, வயலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு எட்டரை மணிக்கு மன்னார்குடியில் கரும்பலகை முன்னால் நிற்க யாராலும் முடியாது. போனால் குடும்பத்தோடுதான் போக வேண்டும்.

இது பற்றி அப்பாவும் அம்மாவும் பேசியதை நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நாத்து கருகிப்போச்சுன்னா இந்த வருஷத்தோட சரி. குத்தகைக்கு விட்டுட்டுப் போயிடலாம். நீ வேலைக்குப் போ. நானும் உங்க அண்ணன் கடையில உக்காந்துக்கிறேன்" என்றார்.

அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "கருகலைன்னா?"

"கருகலைன்னா எதுக்குப் போகணும்?"

அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு மோர் எடுக்கப் போனாள்.

மாமா கடையில் ஆணியும் சங்கிலியும் நிறுத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது. அங்கே யார் அவர் கையை நனைப்பார்கள், அவர் எதற்காக என் தலையில் கை வைப்பார்? அதனால் நாற்றை எப்படியாவது பிழைக்கவைப்பது என்று நான் உறுதி எடுத்துக்கொண்டேன். வீட்டில் நான்கு பேரும் அதே கவலையில்தான் இருக்கிறோம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த வாரம் முழுக்க அம்மா வழக்கத்துக்கு மாறாக இருந்தாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய காட்டன் சேலைகளை எடுத்துக் கஞ்சி போட்டு, தேய்த்து, கட்டில்மேல் அடுக்கிவைத்தாள். மதிய நேரத்தில் உள்ளறைக் கதவின் பின்புறத்தில் சாக்பீஸால் அ, ஆ என்று எழுதிப் பார்த்தாள். எழுத்து கோணலாக இறங்கினால் உள்ளங்கையால் அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். "எதுக்கும்மா?" என்று கேட்டேன். "கை மறந்துபோச்சாடின்னு பாக்கிறேன்" என்றாள். நானும் ஒரு சாக்பீஸை எடுத்துக் கீழே என் பெயரை எழுதினேன்.

அந்த வாரம் எங்களுக்குப் பகல் கரண்ட். மோட்டாருக்கு வேண்டிய கரண்ட் ஒரு வாரம் பகலிலும் ஒரு வாரம் ராத்திரியிலும் வரும். காலையில் வந்தால் மதியம் தாண்டிப் போய்விடும். ஊரிலுள்ள மோட்டார் எல்லாம் அந்த நேரத்தில் ஒன்றாக ஓடும். எங்களுடையது மட்டும் மூன்று நாளாக எடுக்கவே இல்லை. நாற்றங்கால் வெடித்துவிட்டது. நாற்றின் நுனி ஊசிபோல் சுருண்டு, நிறம் மாறத் தொடங்கியிருந்தது. பெரியப்பாவிடம் ஒரு மணி நேரம் தண்ணீர் கேட்டிருக்கலாம். அதற்கு முந்தின கோடையில் கேட்டபோது பெரியம்மா ஏதோ சொல்லிவிட்டாராம். அதிலிருந்து அப்பா அந்த வரப்பை மிதிப்பதில்லை. அண்ணன் பெரியப்பாவுக்குப் பொத்தான் அழுத்தப் போவதை மட்டும் தடுக்கவில்லை. பிள்ளைகளை அதில் இழுக்கக் கூடாது என்று வைத்திருந்தார்.

நான்காம் நாள் காலையில் அப்பா நாற்றங்காலில் குனிந்து ஒரு நாற்றைப் பிடுங்கிப் பார்த்தார். "இன்னைக்குப் பாயலைன்னா நாளைக்கு மாட்டுக்குத்தான்" என்றார்.

அண்ணனைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அவன் பெரியப்பாவின் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து சாணி கரைத்தான். நான் பூ வைத்தேன், தட்டினேன், திரும்பிக்கொண்டேன். அப்பா பச்சையை அழுத்தினார். வறட்டுச் சத்தம். மறுபடி ஊற்றினோம். மறுபடி வறட்டுச் சத்தம். அண்ணன் குடத்தைக் கீழே வைத்தான்.

"இது எடுக்காதுப்பா."

"எடுக்கும், ஊத்துடா."

"நான் சொல்றேன்ல, இப்ப எடுக்காது. பெரியப்பா மோட்டாரு ஓடுறப்ப..."

"வேலைக்கு வளைய முடியாதவனுக்கு வாய் மட்டும் நீளம். போ, போய் மரத்தடியில படு" என்று அப்பா கத்தினார். அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு வரப்பேறிப் போய்விட்டான்.

பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். அப்பா தூரத்துக் குட்டையிலிருந்து தண்ணீர் கொண்டுவருவார், நான் கரைத்து ஊற்றுவேன். என் பாவாடை முழுவதும் சாணி. வெயில் தலையைப் பிளந்தது. வறட்டுச் சத்தம் கேட்கக் கேட்க எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் ஊற்றினேன். ஆனாலும் நிறுத்த வேண்டும் என்று தோன்றவில்லை. அதை நான் யாருக்கும் புரியவைக்க முடியாது. ஒவ்வொரு தடவை அது ஏமாற்றும்போதும், அடுத்த தடவை எடுக்கும் என்ற நிச்சயம் கூடிக்கொண்டுதான் போனது. இத்தனை குடத்துக்குப் பிறகு எடுத்த நாட்களை நான் பார்த்தவள்தானே.

அம்மா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். வந்து நாற்றங்காலை ஒருமுறை பார்த்தாள். அப்பா வரப்பில் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"போதும் பாப்பா. விடு" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "சாயங்காலம் உங்க அண்ணனுக்கு ஒரு போன் போட்டுடு" என்றார்.

அப்பா எதையும் போதும் என்று சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. அம்மா தூக்கை வைத்துவிட்டு வந்து என் தோளைப் பிடித்தாள்.

"அப்பாதான் சொல்றாங்கள்ல. வாம்மா, நிழலுக்கு வா. முகமெல்லாம் கன்னிப்போச்சு பாரு."

"இன்னும் ஒரே ஒரு தடவைம்மா."

"வேணாம்டி."

"ஒரே ஒரு தடவை!"

அம்மா என்னை இழுத்திருந்தால் வந்திருப்பேன். அவள் இழுக்கவில்லை, பிடித்த கையை எடுத்துக்கொண்டாள். மிச்சமிருந்த சாணித் தண்ணீரையெல்லாம் குழாயில் ஊற்றினேன். அது இறங்காமல் விளிம்பில் நின்றது. செங்கல்லால் தட்டினேன். ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே கிடந்த பலகைமேல் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

முதலில் அதே வறட்டுச் சத்தம். பிறகு குழாய் ஒருமுறை குலுங்கியது. சத்தம் கனத்தது. சாணி கலந்த தண்ணீர் கொப்பளித்து வெளியே கொட்டி, பிறகு தெளிந்து, என் இடுப்புப் பருமனுக்கு விழுந்தது.

அப்பா எழுந்த வேகத்தில் குடம் உருண்டு வாய்க்காலுக்குள் போனது. அவர் மண்வெட்டியைக்கூட எடுக்கவில்லை, கையாலேயே மடையை வெட்டித் திருப்பினார். வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்கும்போது ஒரு சத்தம் வரும், அதைக் கேட்டுக்கொண்டே நாற்றங்காலின் நாலு பக்கமும் நடந்தார். பிறகு வந்து என்னைத் தூக்கிவிட்டார். பத்து வயதுப் பெண்ணைத் தூக்குவது வழக்கமில்லை. "எம் பொண்ணு கை வச்சா எடுத்துடும். நான்தான் விடுன்னு சொன்னேன், அது விடலியே" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு வேலை கிடைத்த நாளில்கூட நான் அவ்வளவு உயரத்தில் இருந்ததில்லை.

அம்மாவும் சிரித்தாள். என் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள். தூக்கைத் திறந்து சோறு பிசைந்து எனக்கு ஊட்டினாள்.

கரண்ட் போகும்வரை மோட்டார் நிற்காமல் ஓடியது. சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்தபோது அப்பா அவனைப் பிடித்துக்கொண்டார். "தங்கச்சியைப் பாத்துக் கத்துக்கடா. ரெண்டு தடவையோட ஓடிப்போனியே, வெக்கமா இல்லை?" அண்ணன் தட்டில் இருந்த சோற்றைத் தின்றான். நான் அவனைப் பார்த்து நாக்கைத் துருத்தினேன்.

டாக்டர் சொன்னதை இந்த மாதம் போனில் அவனிடம் சொன்னபோதுதான், பேச்சு பழைய மோட்டாருக்குப் போயிற்று. அவன் இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். பேசிக்கொண்டே வந்தவன், "அன்னைக்கு எப்படி எடுத்துச்சுன்னு உனக்கு இன்னும் தெரியாதா?" என்றான்.

பெரியப்பாவின் மோட்டார் ஓடும்போது பூமிக்குள் இருக்கும் தண்ணீரை அது இழுத்துவிடும். எங்கள் ஆழமில்லாத போருக்கு எட்டாது. அதை நிறுத்திக் கொஞ்ச நேரம் ஆனால் தண்ணீர் மேலேறும், எங்களுடையது எடுத்துவிடும். அவன் அதை முந்தின வருஷமே கண்டுபிடித்திருந்தான். கிரிக்கெட் ஆடுவதற்காக அவன் அந்த மோட்டாரை நிறுத்திவிட்டுப் போன நாட்களில்தான் என் செங்கல்லும் செம்பருத்தியும் பலித்திருக்கின்றன. அப்பாவிடம் சொல்ல இரண்டு முறை முயன்றிருக்கிறான். இரண்டு முறையும் வேலைக்குக் கள்ளத்தனம் என்று திட்டு வாங்கியிருக்கிறான். இரண்டு முறைக்குமேல் எதையும் முயலாதவன் என்பதால் அதோடு விட்டுவிட்டான்.

"அன்னைக்கு மரத்தடியில படுத்துக்கிட்டுப் பாத்தேன். நீ அழுதுக்கிட்டே ஊத்திக்கிட்டிருந்தே. பாவமா இருந்துச்சு. போய் அந்த மோட்டாரை அமத்திட்டேன். பெரியப்பாகிட்ட கரண்டுல ஒரு பேஸ் வரலைன்னு சொல்லிட்டேன்" என்றான். பிறகு, "அமத்தாம இருந்திருக்கலாம்" என்றான்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுவாரம் மழையும் பெய்து, தாமதமாகவேனும் ஆற்றில் தண்ணீரும் வந்தது. நட்டோம், அறுத்தோம். அடுத்த வருஷம் நட்டது காய்ந்தது. அதற்கடுத்த வருஷம் அறுக்கிற சமயத்தில் மூழ்கியது. அப்பா தளர்ந்து, போய்விடலாம் என்று சொல்ல வாயெடுக்கும் வருஷமாகப் பார்த்து நன்றாக விளையும். எல்லா வருஷமும் பொய்த்திருந்தால் அவர் எப்போதோ கடையில் உட்கார்ந்திருப்பார், அம்மா கரும்பலகை முன்னால் நின்றிருப்பாள். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். மோட்டாரும் புதிது, தொட்டால் தண்ணீர் கொட்டுகிறது. ஆனாலும் கோடை வந்தால் டிவி பக்கத்தில் போய் நின்றுகொண்டு அணையின் நீர்மட்டம் கேட்கிறார். அம்மா அடுப்படியிலிருந்து "எவ்வளவாம்?" என்று குரல் கொடுக்கிறாள். எந்தப் பதிலை எதிர்பார்த்து அவள் கேட்கிறாள் என்று நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன். அவள் குரலை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

மோட்டார் தண்ணீர் எடுத்த அன்று சாயங்காலம், அண்ணன் திட்டு வாங்கி முடித்த பிறகு, நான் உள்ளறைக்குப் போனேன். அம்மா டிரங்குப் பெட்டி முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். கட்டில்மேல் இருந்த சேலைகளை ஒவ்வொன்றாக உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள். நான் கட்டிலில் ஏறி உட்கார்ந்து சேலைகளை எடுத்துக் கொடுக்கத் தொடங்கினேன். கொடுத்துக்கொண்டே, அவள் வருவதற்கு முன்னால் நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொன்னேன். எத்தனை தடவை ஏமாற்றியது, அண்ணன் எப்படி ஓடிப்போனான், அப்பா எப்படிச் சோர்ந்துபோனார், நான் எப்படி விடவே இல்லை என்பதை எல்லாம் சொன்னேன். நான் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் அம்மா "அப்புறம்?" என்றாள். அப்புறம் அப்புறம் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். கஞ்சி போட்ட சேலைகள் மடமடவென்று இருந்தன. கடைசிச் சேலை நீலக் கரை போட்டது, எனக்கு ரொம்பப் பிடித்தது. அதைக் கொடுக்கும்போது, "நான் விட்டிருந்தா என்னம்மா ஆயிருக்கும்?" என்று கேட்டேன்.

அம்மா அதை வாங்கி, மேலாக வைத்து, ஓரங்களில் பாச்சை உருண்டை போட்டாள். "நீதான் விடலையே" என்று சொல்லி என் கன்னத்தைத் தட்டினாள். பெட்டியை மூடித் தள்ளிவிட்டு, ஈரத்துணி எடுத்து வந்து கதவின் பின்புறத்தைத் துடைத்தாள். அடியில் நான் எழுதியிருந்த என் பெயரை மட்டும் அழிக்காமல் விட்டாள். அது எனக்குக் கிடைத்த இன்னொரு பரிசு என்று நினைத்துக்கொண்டு அப்பாவிடம் சொல்ல ஓடினேன்.